பறவைகளின் வருகைப் பதிவேடு

பள்ளியில் ஆசிரியர் நாள்தோறும் மாணவர் வருகையைப் பதிவேட்டில் குறித்து வைக்கிறார். ஆண்டிறுதியில் அதைப் புரட்டினால், யார் தவறாமல் வந்தார், யார் எந்நாளில் வரவில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த ஒருவர், பறவைகளுக்கு இத்தகைய வருகைப் பதிவேட்டை வைத்திருந்தார். எந்தப் பறவை எந்நாளில் ஊருக்கு வந்தது, எந்நாளில் முதன்முதலாகப் பாடியது, எந்நாளில் ஊரைவிட்டுப் போனது என்பதை 25 ஆண்டுகள் விடாமல் எழுதினார். அவர்தாம் கில்பர்ட் வைட். உயர்ந்த பதவி எதையும் வகிக்காமல், நெடும்பயணம் எதையும் மேற்கொள்ளாமல், தம் ஊரின் வேலிகளையும் மரக்கிளைகளையும் உற்று நோக்கியே உலகப் புகழ் பெற்றவர் அவர்.

பிறந்த ஊரும் இளமையும்

இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயர் என்னும் வட்டாரம் உள்ளது. அதன் கிழக்கு மூலையில், இலண்டன் மாநகரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் செல்போர்ன் என்ற சிற்றூர் அமைந்திருக்கிறது. ஊரை ஒட்டிச் செங்குத்தான சுண்ணாம்புக்கல் குன்று ஒன்று எழுந்து நிற்கிறது. அதன் சரிவு முழுவதும் பீச் மரங்கள் அடர்ந்த காடு. ஊருக்குச் செல்லும் பாதைகளோ வண்டிச் சக்கரங்களாலும் மழைநீராலும் அரிக்கப்பட்டுப் பள்ளத்தாக்குகளைப் போல் ஆழ்ந்து கிடந்தன. மழைக்காலத்தில் அவ்வழியே பயணம் செய்வது பெரும் துன்பமாக இருந்தது. அதனால் செல்போர்ன் வெளியுலகத் தொடர்பு குறைந்த ஊராகவே இருந்துவந்தது.

இவ்வூரில் 1720ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் கில்பர்ட் வைட் பிறந்தார். அவருடைய தாத்தா அவ்வூர்த் தேவாலயத்தின் தலைமைப் பாதிரியார். தந்தை சட்டம் பயின்றவர். உடன்பிறந்தோர் பலரைக் கொண்ட அக்குடும்பத்தில் கில்பர்ட்டே மூத்த பிள்ளை. தம்பியர் பின்னாளில் வெவ்வேறு துறைகளுக்குச் சென்றாலும் அண்ணனின் இயற்கை ஆர்வத்திற்குக் கடைசி வரை துணை நின்றனர்.

கில்பர்ட் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஓரியல் கல்லூரியில் பயின்று, 1743ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினர் ஆனார். பின்னர்ச் சமயப் பணிக்குரிய தகுதியையும் பெற்றார். அவருடைய கல்வித் தகுதிக்குத் தொலைவிலுள்ள வசதியான ஊர் ஒன்றில் நல்ல வருவாயுடன் தலைமைப் பாதிரியாராக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் செல்போர்னையே நாடியது.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. செல்போர்ன் தேவாலயத்திற்குத் தலைமைப் பாதிரியாரை நியமிக்கும் உரிமை, ஆக்ஸ்ஃபர்ட்டின் மற்றொரு கல்லூரியிடம் இருந்தது. ஓரியல் கல்லூரியைச் சேர்ந்த வைட்டுக்கு அப்பதவி கிட்டும் வாய்ப்பே இல்லை. ஆகவே, சொந்த ஊரில் வாழ வேண்டுமானால் குறைந்த ஊதியத்தில் துணைப் பாதிரியாராகவே இருக்க வேண்டும். வைட் அதனை ஏற்றுக்கொண்டார். தமக்கு உரிமையான வீட்டில் தங்கி, அண்டை ஊர்களிலும் செல்போர்னிலும் துணைப் பாதிரியாராகப் பணியாற்றினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. குதிரை வண்டிப் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் தலைச்சுற்றலையும் குமட்டலையும் உண்டாக்கியது. அதனால் பெரும்பாலும் நடந்தும் குதிரைமேல் ஏறியுமே எங்கும் சென்றார். நடைப்பழக்கமே அவருடைய ஆய்வுக்கு வழிவகுத்தது எனலாம்.

தோட்டக் குறிப்பிலிருந்து பறவைக் குறிப்புக்கு

வைட் தோட்டக்கலையில் பெருவிருப்பம் கொண்டவர். வெள்ளரி, முலாம்பழம் முதலியவற்றை அவர் தம் தோட்டத்தில் பயிரிட்டார். குளிர் மிகுந்த அந்நாட்டில் முலாம்பழத்தை விளைவிப்பது எளிதன்று. எரு மெத்தை அமைத்து, அதன் சூட்டில் செடியை வளர்க்க வேண்டும். எந்நாளில் விதைத்தால் நன்கு முளைக்கிறது, எந்நாளில் பனி விழுந்து செடி கருகுகிறது என்பதை அறிந்தால்தான் அடுத்த ஆண்டு தவறைத் தவிர்க்கலாம். எனவே, 1751ஆம் ஆண்டு முதல் அவர் தோட்டக் குறிப்பேடு ஒன்றை எழுதத் தொடங்கினார்.

காலப்போக்கில் அக்குறிப்பேட்டில் தோட்டத்திற்கு அப்பாற்பட்ட செய்திகளும் இடம்பெறலாயின. காட்டுப்பூக்கள் மலர்ந்த நாள்களையும் பறவைகள் வந்த நாள்களையும் அவர் குறித்தார். 1767ஆம் ஆண்டில் தாமஸ் பென்னன்ட் என்ற புகழ்பெற்ற விலங்கியலாளருடன் அவருக்குக் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின், டேய்ன்ஸ் பாரிங்டன் என்ற அறிஞருக்கும் அவர் கடிதம் எழுதத் தொடங்கினார். பாரிங்டன், இயற்கை ஆய்வாளர்களுக்கென ஓர் அச்சிட்ட குறிப்பேட்டை வடிவமைத்திருந்தார். வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, மழை, மலர்ந்த செடிகள், தோன்றி மறைந்த பறவைகள், பூச்சிகள் என ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனிக் கட்டம் இருந்தது. 1768ஆம் ஆண்டில் வைட் அக்கட்டங்களை நிரப்பத் தொடங்கினார். இறக்கும் ஆண்டு வரை அப்பணியை அவர் நிறுத்தவில்லை.

வசந்தகால உலா

நம் நாட்டில் ஆண்டு முழுவதும் மரங்கள் பசுமையாக நிற்கின்றன. இங்கிலாந்தில் நிலைமை வேறு. குளிர்காலத்தில் பெரும்பாலான மரங்கள் இலைகளை உதிர்த்துவிடும். பூச்சிகள் மறைந்துவிடும். பூச்சிகளை உண்டு வாழும் பறவைகளுள் பல கண்ணில் படா. மார்ச் மாதத்தில் வெயில் சற்று ஏறியதும் அரும்புகள் வெடிக்கும், பூச்சிகள் வெளிப்படும், மறைந்திருந்த பறவைகளும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மார்ச் முதல் மே வரையிலான அவ்வசந்தகாலமே பறவை நோக்கர்களுக்கு விருந்தான பருவம்.

வைட் அப்பருவத்தில் நாள்தோறும் உலா போனார். குன்றின்மேல் எளிதாக ஏறுவதற்காக, 1753ஆம் ஆண்டில் தம்பி ஜானுடன் சேர்ந்து வளைந்து வளைந்து செல்லும் பாதை ஒன்றை அவர் அமைத்திருந்தார். அதன் வழியாக மேலே சென்றால் பீச் மரங்களின் உச்சிக் கிளைகளும், கீழே ஊரின் கூரைகளும், தொலைவில் வயல்களும் தெரியும். இன்று பறவை நோக்கர் கழுத்தில் தொங்கவிடும் இருகண் தொலைநோக்கி அக்காலத்தில் வழக்கில் இல்லை. வைட் தம் கண்களையும் செவிகளையுமே நம்பினார்.

ஆண்டுக்காண்டு எழுதிய குறிப்புகளை ஒப்பிட்டபோது, பறவைகளின் வருகையில் ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் கண்டார். மார்ச் மாதப் பிற்பகுதியில் சின்னஞ்சிறு கதிர்க்குருவி ஒன்றின் குரல் முதலில் கேட்கும். ஏப்ரல் நடுப்பகுதியில் தகைவிலான் குருவியும் குயிலும் வந்து சேரும். ஏப்ரல் இறுதியில், வானத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கும் உழவாரன் குருவி தோன்றும். வானிலையைப் பொறுத்து நாள்கள் சற்று முன்பின்னாக மாறினாலும், இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. ஓர் ஆண்டுக் குறிப்பால் இவ்வுண்மை புலப்படாது. பல ஆண்டுக் குறிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததனால்தான் அது வெளிப்பட்டது.

ஒன்றா, மூன்றா?

அக்காலத்து அறிஞர்கள் பறவைகளை ஆராய்ந்த முறை வேறு. பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலைப் பதப்படுத்தி, மேசைமேல் வைத்து அளப்பார்கள். இறகின் நீளம், அலகின் வடிவம், காலின் நிறம் ஆகியவற்றைக் கொண்டு பெயரிடுவார்கள். வைட்டும் தேவைப்பட்டபோது சுடப்பட்ட பறவைகளைப் பரிசோதித்ததுண்டு. ஆயினும் உயிருள்ள பறவை எங்கே அமர்கிறது, எப்படிப் பாடுகிறது, என்ன செய்கிறது என்பதை அறியாமல் அதனை முழுமையாக அறிய முடியாது என்று அவர் கருதினார்.

இம்முறையின் சிறப்பை ஒரு நிகழ்வு காட்டும். செல்போர்னைச் சுற்றியுள்ள புதர்களிலும் காடுகளிலும் பசுமையும் மஞ்சளும் கலந்த சிறு கதிர்க்குருவிகள் வசந்தத்தில் காணப்படும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அவை ஒரே இனம் என்றே பலரும் எண்ணினர். வைட்டின் செவிக்கு அது சரியாகப்படவில்லை. ஒரு குருவி இரண்டே ஒலிகளை மாற்றி மாற்றிக் கூவியது. மற்றொன்று இனிமையாக இறங்கி வரும் இசைபோலப் பாடியது. மூன்றாவது, உயர்ந்த பீச் மரங்களின் உச்சியில் மட்டும் அமர்ந்து, சிறகுகளை நடுக்கியபடி வெட்டுக்கிளியைப் போல் சிலிர்ப்பொலி எழுப்பியது.

குரலில் கண்ட வேறுபாடு உடலிலும் உண்டா என்று அறிய அவர் விழைந்தார். மூன்று வகையையும் கையில் எடுத்து ஒப்பிட்டார். உச்சிமரத்துக் குருவி மற்ற இரண்டையும்விடச் சற்றுப் பெரியது. அதன் மஞ்சள் நிறமும் பளிச்சென்று இருந்தது. இரட்டையொலிக் குருவியின் கால்கள் கருமையாக இருந்தன. இவை மூன்றும் வெவ்வேறு இனங்கள் என 1768ஆம் ஆண்டில் அவர் பென்னன்டுக்குத் தெளிவாக எழுதினார். அம்முடிவு சரியென்பதைப் பின்வந்த அறிவியல் உறுதிசெய்தது. செவியால் தொடங்கிய ஐயம் கண்ணால் தீர்ந்தது.

கையில் கடிகாரம்

வைட் எதையும் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில்லை. எத்தனை, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்று கணக்கிடுவார். தேவாலயக் கூரையின் ஓரத்தில் வெண்ணிற ஆந்தைகள் கூடு கட்டியிருந்தன. வைட் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அவற்றைக் கவனித்தார். தாயும் தந்தையும் மாறி மாறி, ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரையுடன் கூட்டுக்குத் திரும்பின. அவை கொண்டுவந்தவை பெரும்பாலும் எலிகள். ஆந்தையைக் கெட்ட சகுனமாக எண்ணிய மக்களுக்கு, அது உழவனுக்குச் செய்யும் உதவியை இக்கணக்கு புலப்படுத்தியது.

வீட்டுச் சுவர்களில் மண்ணால் கூடு கட்டும் தகைவிலான் வகை ஒன்றையும் அவர் பொறுமையுடன் கவனித்தார். அக்குருவி நனைந்த மண்ணோடு வைக்கோல் துணுக்குகளைக் கலந்து கட்டுகிறது. காலையில் மட்டுமே வேலை செய்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவுக்கு மேல் சுவரை எழுப்புவதில்லை. எஞ்சிய நேரத்தில் இரை தேடப் போய்விடுகிறது. ஏன் இப்படி? ஒரே மூச்சில் கட்டினால் ஈரமண் தன் எடையைத் தாங்காமல் சரிந்துவிடும். காலையில் வைத்த மண் உலர்ந்து இறுகிய பிறகே அடுத்த அடுக்கை வைக்க வேண்டும். மண்சுவர் எழுப்பும் மனிதரும் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றனர். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு நாள்களில் அச்சிறு குருவி உறுதியான வீட்டைக் கட்டி முடிக்கிறது.

உழவாரன் குருவிகளையும் அவர் எண்ணினார். ஒவ்வோர் ஆண்டும் ஊரில் ஏறத்தாழ எட்டு இணைகளே இருந்தன. அவற்றுள் பாதி தேவாலயத்திலும் மீதி ஏழைகளின் கூரை வீடுகளிலும் தங்கின. ஒவ்வோர் இணையும் ஆண்டுதோறும் குஞ்சு பொரிக்கிறது. அப்படியானால் அடுத்த ஆண்டு எண்ணிக்கை பெருக வேண்டுமன்றோ? பெருகவில்லை. கூடுதலான பறவைகள் எங்கே போகின்றன? இக்கேள்வியை எழுப்பியதன் மூலம், ஓரிடத்தில் வாழும் உயிரினங்களின் எண்ணிக்கை எவ்வாறு கட்டுக்குள் இருக்கிறது என்ற பெரிய ஆராய்ச்சிக்குரிய வினாவை அவர் தொட்டுவிட்டார்.

தகைவிலான், உழவாரன் முதலிய பறவைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1774, 1775ஆம் ஆண்டுகளில் இலண்டனின் புகழ்பெற்ற அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டன.

சிற்றுயிர்க்கும் இடமுண்டு

பறவைகளோடு அவர் ஆர்வம் நின்றுவிடவில்லை. கதிர்களுக்கிடையே பந்துபோல் கூடு பின்னி வாழும் மிகச் சிறிய வயலெலியை இங்கிலாந்தில் முதலில் விவரித்தவர் அவரே. அத்தகைய எலிகள் இரண்டைத் தராசில் வைத்தபோது, அவை சிறிய செப்புக்காசு ஒன்றின் எடையே இருந்தனவாம்.

மண்புழுவை அக்காலத் தோட்டக்காரர்கள் பகையாகக் கருதினர். வைட் அதற்கு மாறான கருத்தை 1777ஆம் ஆண்டில் எழுதினார். மண்புழு நிலத்தைத் துளைத்து இளக்குகிறது; மழைநீரும் வேர்களும் உள்ளே செல்ல வழி செய்கிறது; இலைகளையும் தழைகளையும் மண்ணுக்குள் இழுத்துச் செல்கிறது; அது இல்லாவிட்டால் நிலம் இறுகி வளமிழக்கும் என்று அவர் விளக்கினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1881ஆம் ஆண்டில் சார்ல்ஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். டார்வின் சிறுவயதில் வைட்டின் நூலைப் படித்துப் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

கணக்குகளுக்கு நடுவே வைட்டின் இரக்கமும் வெளிப்படுகிறது. ஊருக்கு அருகிலுள்ள தோப்பு ஒன்றில் பெரிய ஓக் மரம் நின்றது. அதன் உச்சியில் அண்டங்காக்கைகள் பல்லாண்டுகளாகக் கூடு கட்டிவந்தன. நடுமரம் பருத்துப் புடைத்திருந்ததால், எத்தனையோ சிறுவர்கள் முயன்றும் எவராலும் அக்கூட்டை எட்ட முடியவில்லை. ஒருநாள் அம்மரத்தை வெட்ட ஆணை பிறந்தது. அது அண்டங்காக்கைகள் அடைகாக்கும் பிப்ரவரி மாதம். வாள் அறுத்தது, ஆப்புகள் இறங்கின, சம்மட்டி அடியில் காடே அதிர்ந்தது. தாய்ப்பறவை கூட்டைவிட்டு அசையவில்லை. மரம் சாய்ந்தபோது கூட்டிலிருந்து தூக்கி எறியப்பட்ட அப்பறவை, கிளைகளால் அடிபட்டு உயிரற்றுத் தரையில் விழுந்தது. வைட் இந்நிகழ்வைச் சில வரிகளிலேயே எழுதியிருக்கிறார். ஆயினும் அப்பறவைக்கு நேர்ந்த முடிவு அதற்குத் தகாதது என்ற துயரம் அவ்வரிகளில் தெரிகிறது.

விடை கிடைக்காத வினா

வைட்டை வாழ்நாள் முழுவதும் அலைக்கழித்த கேள்வி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் தகைவிலான் குருவிகள் எங்கே போகின்றன?

இன்று இக்கேள்வி எளிதாகத் தோன்றலாம். அன்று அறிஞர்களே இரு கூறாகப் பிரிந்திருந்தனர். ஒரு சாரார், அவை வெப்பமான நாடுகளுக்குப் பறந்து செல்கின்றன என்றனர். மற்றொரு சாரார், அவ்வளவு சிறிய பறவையால் கடல் கடக்க முடியாது என்று மறுத்தனர். அவை பாறைப் பிளவுகளில் ஒளிந்து உறங்குகின்றன என்றும், குளத்தின் அடியில் சேற்றில் மூழ்கிக் கிடக்கின்றன என்றும் கூறினர். இலையுதிர்காலத்தில் தகைவிலான்கள் நீர்நிலையோரப் புதர்களில் பெருங்கூட்டமாக இரவு தங்குவதைக் கண்டே மக்கள் இப்படி எண்ணியிருக்கக்கூடும் என்று வைட் கருதினார். மாலையில் நீரருகே கண்ட பறவைகள் சில நாள்களில் அடியோடு மறைந்துவிட்டால், அவை நீருக்குள் போய்விட்டன என்று நினைப்பது இயல்புதானே?

வைட்டின் தம்பி ஜான், ஐரோப்பாவின் தெற்கு முனையிலுள்ள ஜிப்ரால்டரில் சமயப் பணி ஆற்றிவந்தார். வசந்தத்தில் பறவைகள் கூட்டங்கூட்டமாக ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வடக்கே வருவதையும், இலையுதிர்காலத்தில் அதே நீரிணையைக் கடந்து தெற்கே போவதையும் அவர் கண்டு அண்ணனுக்கு எழுதினார். பறவைகள் வலசை போகின்றன என்பதற்கு இது வலுவான சான்று. வைட் அதை மகிழ்ச்சியுடன் ஏற்றார்.

ஆனால் செல்போர்னில் அவர் கண்ட சில காட்சிகள் அதனோடு பொருந்தவில்லை. எல்லாத் தகைவிலான்களும் போய்விட்டன என்று எழுதிய பிறகு, நவம்பர் மாதத்தில் வெயில் அடித்த ஒரு நாளில் சில குருவிகள் திடீரென்று தோன்றி மறைந்தன. அவை அருகிலேயே எங்கோ உறங்கிக்கொண்டிருந்து, வெப்பத்தால் விழித்தெழுந்தனவோ? பிந்திப் பிறந்த குஞ்சுகள் நெடும்பயணத்திற்கு வலுவின்றி இங்கேயே தங்கிவிடுகின்றனவோ? இவ்வையம் அவரை விடவில்லை. கூலியாள்களை அமர்த்திப் புதர்களிலும் பொந்துகளிலும் தேடச் செய்தார். உறங்கும் தகைவிலான் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

இந்த ஒன்றில் வைட் இறுதி வரை உறுதியான முடிவுக்கு வரவில்லை. உறங்குகின்றன என்ற கருத்தை அவரால் முழுமையாகக் கைவிடவும் முடியவில்லை. சான்று இல்லாமல் ஏற்கவும் முடியவில்லை. கண்டதைக் கண்டபடியும், ஐயத்தை ஐயமாகவும் எழுதி வைத்தார். அவர் மறைந்து 118 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1911ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு தகைவிலானின் காலில் எண் பொறித்த சிறு வளையம் மாட்டப்பட்டது. 1912ஆம் ஆண்டு டிசம்பரில் அதே பறவை தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் பிடிபட்டது. இங்கிலாந்துத் தகைவிலான்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை செல்கின்றன என்பது அப்போது ஐயமற உறுதியாயிற்று. வைட்டின் கேள்விக்குக் கிடைத்த விடை அவ்வளையத்தில் இருந்தது.

தயக்கத்தின் பின் வந்த நூல்

கடிதங்களில் உள்ள செய்திகளை நூலாக்க வேண்டும் என்று 1770ஆம் ஆண்டிலேயே பாரிங்டன் வற்புறுத்தினார். வைட்டுக்குத் தயக்கம். ஒரு சிற்றூரின் செய்திகளை யார் விரும்பிப் படிப்பார்கள்? குறிப்புகளில் தவறு இருந்தால் என் செய்வது? மேலும் ஓராண்டு கவனித்துவிட்டு எழுதலாமே? இப்படி எண்ணி எண்ணியே ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஓடிவிட்டன.

முடிவில், இலண்டனில் புத்தக வெளியீட்டாளராக இருந்த தம்பி பெஞ்சமின் அந்நூலை அச்சிட்டார். 1789ஆம் ஆண்டைத் தாங்கி அந்நூல் வெளிவந்தபோது வைட்டுக்கு வயது 68. செல்போர்னின் இயற்கை வரலாற்றையும் பழம்பொருள் செய்திகளையும் கூறும் அந்நூலின் இயற்கைப் பகுதி 110 கடிதங்களால் ஆனது. அவற்றுள் 44 பென்னன்டுக்கும் 66 பாரிங்டனுக்கும் எழுதப்பட்டவையாக அமைந்துள்ளன. அவற்றுள் சில நூலுக்கென்றே எழுதப்பட்டவை. கடித நடையில் அமைந்ததால் படிப்போருடன் நேரில் உரையாடுவதுபோல் அந்நூல் இருந்தது. எளிய மக்களும் அறிஞர்களும் அதை விரும்பிப் படித்தனர். இன்றளவும் அது மறுபதிப்புகளைக் கண்டுவருகிறது.

முதுமையில் வைட்டுக்குத் துணையாக இருந்தது ஓர் ஆமை. அதன் பெயர் டிமோத்தி. அவருடைய அத்தை வளர்த்த அந்த ஆமை, 1780ஆம் ஆண்டில் அத்தை இறந்தபின் வைட்டிடம் வந்தது. அது எந்நாளில் மண்ணுக்குள் புகுந்து உறங்குகிறது, எந்நாளில் விழிக்கிறது, மழைக்கு முன் எப்படி நடந்துகொள்கிறது என்பதையெல்லாம் அவர் குறித்தார். டிமோத்தி என்பது ஆண்பெயர். ஆனால் அது பெண் ஆமை என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. அதன் ஓடு இலண்டனிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

மறைவும் புகழும்

1793ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் நடுவில் வைட் தம் குறிப்பேட்டில் கடைசியாக எழுதினார். அம்மாதம் 26ஆம் நாள், தம் 72ஆம் வயதில் செல்போர்னில் உயிர் நீத்தார். அவர் கல்லறையில் புகழுரை இல்லை. பெயரின் முதலெழுத்துகளும் மறைந்த நாளுமே அச்சிறிய கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அவரும் தம்பியும் அமைத்த வளைபாதையில் மக்கள் இன்றும் ஏறிச் செல்கின்றனர்.

வைட்டின் குறிப்புகள் புதிய பயனையும் தந்து வருகின்றன. இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736ஆம் ஆண்டு முதல் வசந்தத்தின் வருகையைக் குறித்துவந்தார். வைட்டின் கடைசி ஆண்டுகளில் இருவரும் கடித நண்பர்களாயினர். இவர்களைப் போன்றோர் எழுதி வைத்த பழைய நாள்களை இன்றைய நாள்களோடு ஒப்பிட்டு, புவி வெப்பமடைவதால் மலர்கள் மலரும் காலமும் பறவைகள் வரும் காலமும் எவ்வாறு மாறுகின்றன என்று அறிவியலாளர் ஆராய்கின்றனர். முலாம்பழத் தோட்டத்திற்காகத் தொடங்கிய குறிப்பேடு உலகின் தட்பவெப்ப ஆராய்ச்சிக்குத் துணைசெய்யும் என்று வைட் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

நம் நாட்டிலும் தகைவிலான்களைக் காணலாம். வட ஆசியாவில் குளிர் தொடங்கும்போது அவை தெற்கு நோக்கிப் பறந்து வருகின்றன. பகாங் மாநிலத்தின் பெந்தோங் நகரில் மாலை வேளைகளில் மின்கம்பிகளின்மேல் அவை வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும். வசந்தம் பிறந்ததும் வடக்கே திரும்பிவிடும். அங்கே வருகை என்று குறிக்கப்படும் நாள் இங்கே விடைபெறும் நாளாக அமைகிறது. அவை எந்நாளில் வந்தன, எந்நாளில் சென்றன என்பதைக் குறிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். கண்டதை மட்டும் எழுத வேண்டும். அறியாததை அறிந்ததாகக் காட்டக் கூடாது. கில்பர்ட் வைட் தம் வாழ்வால் உணர்த்திய பாடம் இதுவே.